செத்தவர்களிடம் ஆள் பிடிப்பு

மழை தூறும் அயர்லாந்தின் லீட்ரிம் கல்லறைத் தோட்டத்தில் நானும் ஃபின்டனும் மண்டியிட்டு, ஒரு கல்லின் பாசியை வீட்டுச் சாவியால் கரகரவென்று சுரண்டுகிறோம். இங்கிலாந்தின் சிறுவர் கால்பந்து அணியில் கோல்களாக அடித்துத் தள்ளும் மல்வி, இந்தக் கல்லுக்கடியில் கிடப்பவரின் பேரன். தாத்தா அயர்லாந்தில் பிறந்திருந்தால் போதும், பேரன் நம் அயர்லாந்து அணிக்கு ஆடலாம். நம் பயிற்சியாளர் உயிரோடிருப்பவர்களில் ஒரு பையனைக்கூட உருவாக்கவில்லை. அதனால்தான் செத்தவர்களிடம் வந்திருக்கிறோம். "இங்கிலாந்துக்காரனுங்களுக்கு மட்டும் பிள்ளைங்க புல்லு மாதிரி முளைக்குது," என்று ஃபின்டன் பல்லைக் கடிக்கிறான். "நமக்கு வெறும் புல்லுதான்டா முளைக்குது." பாசி உரிகிறது. பிறந்த ஊர், லிவர்பூல். "அடப்பாவி! அதுவும் அவனுங்க ஊரா? சாகறதுக்கு மட்டும் இங்க வந்தியா?" நான் தொப்பியைக் கழற்றி இறந்தவருக்கு மரியாதை செய்துவிட்டுப் பட்டியலைப் பார்க்கிறேன். அடுத்தவன் அவர்களுடைய கோல்கீப்பர். அவன் தாத்தா மூன்றாவது வரிசை. ஃபின்டன் அதற்குள் அங்கே சுரண்டிக்கொண்டிருக்கிறான்.