முப்பத்தொன்பதாவது கையெழுத்து

அணையைத் திறக்க இன்னும் ஐந்து மணி நேரம் பத்து நிமிடம் இருந்தது. ஆற்றோரத் தெருவின் முப்பத்தொன்பதாவது வீட்டு வாசலில் தாலுகா ஆபீஸ் கிளார்க் குடையை மடக்கினார். அதுதான் கடைசி வீடு.

"சார் வந்துட்டாருங்க. நம்ம முறை வந்தாச்சு" என்று உள்ளே பார்த்துச் சொன்னாள் தையல்காரி.

தையல் மெஷினின் தலை பாலிதீனில் சுற்றிப் பரண்மேல் ஏறியிருந்தது. கதவோரம் மூன்று பைகள். அவள் கணவன் மாவுக்கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தான். இன்னொரு காலில் ஷூவை மாட்டி, கயிறும் கட்டியிருந்தான்.

"போன வெள்ளத்துல தண்ணி வடிஞ்சு நாலாம் நாள் வந்தீங்க. இந்தத் தடவ தண்ணிக்கு முன்னாடியே வந்துட்டீங்களே! ஆபீஸ்ல எல்லாருக்கும் உடம்பு கிடம்பு சரியில்லையா சார்?"

கிளார்க்குக்குச் சிரிக்கத் தெம்பில்லை. தூங்கி இரண்டு நாளாகிவிட்டது. ஈரச் செருப்புக்குள் விரல்கள் ஊறி வெளுத்திருந்தன. கிளிப் அட்டையை நீட்டினார். மழைக்குப் பயந்தோ என்னவோ, தாளின் மேல்பாதியை மடித்துப் பின்பக்கம் செருகியிருந்தார். பெயர்களும் கையெழுத்துகளும் மட்டும் தெரிந்தன.

"இங்க போடுங்கம்மா."

"கையெழுத்து மட்டும் போதுமா? எத்தனை பேருன்னு எழுத வேணாமா? பஸ்ஸுல இவருக்குக் கால நீட்ட ரெண்டு சீட்டு வேணும் சார்."

"அதெல்லாம் வேணாம்."

அவருடைய போன் அடித்தது. மேலதிகாரி.

"எத்தனை ஆச்சு?"

"முப்பத்தெட்டு சார். இது ஒண்ணுதான் பாக்கி."

"வாங்கிட்டு உடனே கிளம்பிடுங்க. அங்க நிக்காதீங்க. மேலேருந்து ரெண்டு தடவ கேட்டுட்டாங்க."

பேனா எழுதவில்லை. தையல்காரி அதை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டினாள்.

"காலைல எங்கண்ணன் காய்கறி வண்டியத் தள்ளிக்கிட்டு வந்து நின்னான் சார். இவர அதுல ஏத்தி மேட்டு ஸ்கூலுக்குத் தள்ளிட்டுப் போயிடலாம்னான். மைக்லதான் பஸ் வருது, வீட்டுலயே இருங்கன்னு சொன்னாங்களே. நான் திருப்பி அனுப்பிட்டேன். மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுப் போயிட்டான்."

"என்னக் கத்தரிக்கா மாதிரி தள்ளிட்டுப் போகப் பாத்தான் சார்" என்றான் கணவன்.

"ஆமா, வித்தாலும் யாரும் வாங்க மாட்டாங்க."

இருவரும் சிரித்தார்கள். பேனா சூடாகி எழுத ஆரம்பித்தது. அவள் பெயரின் முதல் எழுத்தை நிதானமாகப் போட்டாள்.

கிளார்க் தெருவைப் பார்த்தார். எல்லா வாசல்களிலும் பைகளோடு ஆட்கள் நின்றிருந்தார்கள். எல்லார் கண்ணும் தெருமுனையில் இருந்தது. குடையைப் பார்த்து ஒரு குழந்தை கையாட்டியது.

அவர் தாளின்மேல் கையை வைத்து மறைத்தார்.

"உங்கண்ணன் இப்ப எங்க இருக்காரு?"

"மேட்டுலதான். அரை மணி நேரத்துல வந்துடுவான். ஏன் சார்?"

"போன் போட்டு வரச் சொல்லுங்க. அந்த மாதிரி வண்டி வேற யார்கிட்ட இருக்குன்னும் கேளுங்க. நடக்க முடிஞ்சவங்கள எல்லாம் இப்பவே நடக்கச் சொல்லணும்."

"எதுக்கு சார்? பஸ்ஸுல இடம் பத்தாதா?"

மறுபடியும் போன் அடித்தது. அவர் அதை எடுக்கவில்லை. மடித்திருந்த பாதியை இழுத்து நிமிர்த்தி, அட்டையை அவள் கையில் கொடுத்தார். அவள் படித்து முடிக்கும்வரை அவரால் காத்திருக்க முடியவில்லை.

"பஸ்ஸே கிடையாதும்மா. ஆபீஸ்லேருந்து கூப்பிட்டும் வீட்ட விட்டு வரமாட்டோம்னு தெருவே இதுல கையெழுத்துப் போட்டிருக்கு."