சரிவோடு இறங்கும் வீடு

தன்னுடைய சரிவான இடத்தை வீடு கட்ட இந்த இஞ்சினியரை நம்பிக் கொடுக்கலாமா என்ற யோசனையோடு, அவர் நல்லூரில் கட்டிய வீட்டைப் பார்க்க வந்தார் சிவராஜ். சித்ரகலா சாவி போட்டுத் திறந்து, ஆசையாகச் சுற்றிக் காட்டினாள்.

"மண்ணை வெட்டவும் இல்லீங்க, கொட்டவும் இல்லீங்க. ஹாலுக்கு நாலு படி கீழ சமையல்கட்டு, அதுக்கு நாலு படி கீழ படுக்கையறை. சரிவோடவே ஊடும் இறங்குதுங்க. மழைத் தண்ணி பூரா அடியில இருக்கற தொட்டிக்குப் போயிருமுங்க."

"சொந்த ஊட்டைப் புகழாதவங்க யாருங்க?" என்று சிரித்தார் சிவராஜ்.

"என்னோடது இதுக்குக் கீழ இருக்கற ஊடுங்க! இந்த ஊட்டுக்காரங்க வெளியூர் போறப்ப சாவியை எங்கிட்டக் கொடுத்துட்டுப் போனாங்க. தண்ணி எங்க ஊட்டுக்குள்ள வந்துருமுன்னு, வேலையை நிறுத்தச் சொல்லி மனுக் கொடுத்தவளே நாந்தானுங்க. ரெண்டு மழையாச்சு, ஒரு சொட்டு வரலீங்க. இஞ்சினியர் நம்பரை எழுதிக்கோங்க. திட்டறதுக்குன்னு வாங்கி வெச்சதுங்க."