பூட்டிய வீட்டில் பன்னிரண்டு பேர்

பன்னிரண்டு பேர். ஆளுக்கொரு தடி. மதிலோரமாகக் குனிந்து வந்து, பின்பக்கக் குசினிக் கதவால் ஒவ்வொருவராக அந்தப் பூட்டிய வீட்டுக்குள் நுழைந்தார்கள்.

“ஆரும் பாத்தவையோ?” உள்ளே நின்ற வல்லிபுரம் கிசுகிசுத்தார்.

“பாக்கிறதுக்கு இந்த ஒழுங்கையில ஆர் அண்ணை இருக்கினம்? எல்லா வீடும் பூட்டுத்தானே” என்றாள் கடைசியாக வந்த சிவரூபி. “வாளியளை எடுங்கோ பிள்ளையள்!”

களவெடுக்க வந்தவர்கள் சப்பாத்தைச் சாக்கில் துடைத்துவிட்டா உள்ளே போவார்கள்? இவர்கள் புங்குடுதீவுக் கல்லூரி ஒன்றின் ஹொக்கி அணிப் பெண்கள். சிவரூபி அவர்களுடைய பயிற்சி ஆசிரியை. சனிக்கிழமை கொழும்பில் அகில இலங்கை அரையிறுதி.

அங்கேதான் சிக்கல். கொழும்பில் செயற்கைப் புல்தரை. ஆட்டத்துக்கு முன் தண்ணீர் அடித்து நனைத்துவிடுவார்கள், பந்து வழுக்கிக்கொண்டு பறக்கும். நம்முடைய பிள்ளைகள் பழகியதோ குறுணிக்கல் மைதானத்தில். வழுக்குகிற பந்தை நிறுத்தப் பழகாவிட்டால், பத்து நிமிடத்தில் ஆறு கோல் வாங்கிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

புங்குடுதீவு முழுக்கத் தேடியும் அப்படி வழுக்கும் தரை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கனடாவில் இருக்கும் நாகமுத்தர் கட்டிப் பூட்டி வைத்திருக்கும் வீட்டின் முன்கூடமான மாபிள் ஹோல். ஒரு கலியாணமே நடத்தலாம், அவ்வளவு பெரிசு. திறப்பு, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் வல்லிபுரத்தின் இடுப்பில் இருந்தது. அணித் தலைவி நிசாந்தினி அவருடைய ஒரே மகள். மகள் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். மூன்றாம் நாள் கதவு திறந்தது.

“பந்து நிலத்தை விட்டு எழும்பக்கூடாது. அடிக்கிறேல்லை, தள்ளுறது மட்டுந்தான்” என்பது வல்லிபுரத்தின் சட்டம். ஞாயிறு தவிர மூன்று வாரமாகத் தண்ணீர் ஊற்றி விளையாடினார்கள், துடைத்துவிட்டுப் போனார்கள். பன்னிரண்டு வருசத்தில் அந்த வீடு இவ்வளவு துப்புரவாக இருந்ததே இல்லை. பொழுதுபட்டால் மேலே லைட்டுகளும் தாமாகவே எரிந்தன.

“நேரத்துக்கு எரியுற ரைமர் பூட்டியிருக்கினம்” என்று வல்லிபுரம் விளக்கம் சொன்னார். “ஆனா அதுவும் ஒழுங்கில்லை. ஞாயிற்றுக்கிழமையள்ல எரியுதே இல்லை.”

கோல் காக்கும் கஜனி இன்றைக்குக் கூரை மூலையை அண்ணாந்து பார்த்தாள். “மாமா, உந்தக் கமராவில சிவப்பா ஒண்டு மின்னுது.”

“அது வெருளி, பிள்ளை. கள்ளரை வெருட்டச் சும்மா பூட்டினது.”

சொன்னாரே தவிர, அவருக்கே நம்பிக்கை இல்லை. கதிரையில் ஏறி, தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கமராவை மூடினார்.

அன்று பொழுதுபட்டும் லைட் எரியவில்லை. ரைமரைத் திட்டிக்கொண்டே அரையிருட்டில் ஆடினார்கள். நிசாந்தினி தள்ளிய பந்து கஜனியின் தடியில் பட்டு எழும்பி, சுவரில் மாலையோடு தொங்கிய நாகமுத்தரின் தகப்பன் படத்தில் போய்ச் சளாரென்று விழுந்தது.

கண்ணாடிச் சத்தம் அடங்கவில்லை, வல்லிபுரத்தின் போன் அடித்தது. கனடா! எடுத்த அவசரத்தில் ஸ்பீக்கர் பொத்தானும் அமத்துப்பட்டுவிட்டது.

“வல்லிபுரம், வீட்டுக்குள்ள ஆர் நிக்கினம்?”

“ஒருத்தரும் இல்லை அண்ணை. நான் மட்டுந்தான்.”

“கமரா ஏன் மூடிக் கிடக்கு?”

“அது… துவாய் அண்ணை. காயப்போட்டனான்.”

“கமராவுக்கு மேலயோ?”

வல்லிபுரத்துக்குப் பொய் பழக்கமில்லை. அந்த வளவில் விழுந்த தேங்காயைக்கூடக் கேளாமல் எடுக்காத மனுசன் அவர். தன்னால் இப்படிப் பொய் சொல்லித் திணறுகிறாரே என்று நிசாந்தினிக்கு அழுகை வந்தது. விறுவிறுவென்று கதிரையில் ஏறித் துவாயை இழுத்துப் போட்டாள். இறங்கிக் கமராவுக்கு நேரே நின்றாள்.

“ஐயா, அப்பாவில பிழையில்லை. நான்தான் அழுது திறப்பு வாங்கினனான். உங்கட அப்புவின்ர படத்தை உடைச்சதும் நான்தான்.” கையால் படத்தைக் காட்டினாள். “சனிக்கிழமை அரையிறுதி. இன்னும் மூண்டு நாள் மட்டும் விடுங்கோ. இந்தத் தரை இல்லாட்டி எங்களுக்கு ஏலாது ஐயா.”

போனில் நாலைந்து பேர் குசுகுசுப்பதும், யாரோ “உஸ்” என்று அடக்குவதும் மட்டும் கேட்டன.

சிவரூபி வாளிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கத் தொடங்கினாள். கஜனி மூக்கை உறிஞ்சினாள். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

அப்போது ஹோலின் லைட்டுகள் எல்லாம் பளிச்சென்று எரிந்தன.

“இப்பதான் இந்த ரைமருக்கு விடிஞ்சிருக்கு” என்று வல்லிபுரம் தன்னை மறந்து முணுமுணுத்தார்.

“ரைமரோ?” போனில் நாகமுத்தர் பாய்ந்தார். “மூண்டு கிழமையா உங்கட ஆட்டம் பாக்க இஞ்சயிருந்து லைட் போடுறது நானெல்லோ காணும்!”