ஐந்து லட்சம் பேர் பார்த்த குளியலறை

வெள்ளவத்தையில் உள்ள அந்தக் காப்புறுதி அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டோடு ஒரு விசித்திரச் செய்தியையும் தேடி எடுப்பது ஆதிபாவின் வழக்கம். அதைப் பகிடி பண்ணுவது உஷாந்தியின் வேலை. அன்று ஆதிபா காட்டியது, காலையில் ஏற்றப்பட்டு அதற்குள் ஐந்து லட்சம் பேர் பார்த்துவிட்ட வீடியோ. கையுறை போட்ட யாரோ ஒருவர் குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் ஓட்டையிலிருந்து முடியை இழுத்துக்கொண்டே இருந்தார். சாம்பல் நிறச் சளியோடு அது சேலை நீளத்துக்கு வந்தது.

உஷாந்தி சோற்றுப் பார்சலைத் தள்ளி வைத்தாள். “சீ, அருவருப்பு! சாப்பிடேக்க இதையோ காட்டுறீர்?”

“உங்கட கட்டை முடிக்கு இந்தக் கரைச்சல் வராது,” என்று ஆதிபா சிரித்தாள். “முழுசாப் பாருங்களேன்.”

உஷாந்தி பார்த்தாள். நீல டைல்ஸ் தரை. மூலையில் பச்சை வாளி. வாளியின் உடைந்த பிடியில் அவளே சுற்றிக் கட்டிய சிவப்பு நூல். அது அவள் வீட்டுக் குளியலறை. அந்த வீட்டில் அவள் தனியாகத்தான் இருக்கிறாள். சாவியும் அவளிடம் மட்டுமே.

பின்னேரம் வீட்டுக்குப் போனபோது கதவு பூட்டியபடியே இருந்தது. குளியலறையில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றினாள். மாதக்கணக்காகக் கணுக்காலளவு தேங்கி நிற்கும் தண்ணீர், இன்று ஒரே மூச்சில் இறங்கிப் போனது. பாதத்தை முழுதாக ஊன்ற மனமில்லாமல் உஷாந்தி நுனிக்காலிலேயே நின்றாள்.