மேனேஜரின் பதினோரு குறைகள்

வந்தவர் பூனையின் வாயைத் திறந்து பல்லை எண்ணிக்கொண்டிருந்தார்.

பிராணிகள் காப்பகத்துப் பெண்ணுக்கு மூச்சே நின்றுவிட்டது. போன வாரம் அதே வாயைத் திறக்க டாக்டருக்கு ஒரு துண்டும் இரண்டு ஆட்களும் தேவைப்பட்டார்கள்.

அவர் பழைய கார் வாங்கி விற்பவர். வந்ததுமே சொல்லிவிட்டார். சொல்லாவிட்டாலும் நகக்கண்ணில் இருந்த கிரீஸ் சொல்லியிருக்கும்.

"குட்டின்னா கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போயிடலாம். வளர்ந்த பூனையை நல்லா பார்த்துத்தான்மா எடுக்கணும்."

பார்த்தார். ஈறு வெளுத்திருக்கிறதா, கண்ணில் பீளை உண்டா என்று பார்த்தார். காதை மோந்து பார்த்தார். பிடரித் தோலை இழுத்து விட்டு, அது எவ்வளவு சீக்கிரம் படிகிறது என்று கவனித்தார். அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடக்கவிட்டுப் பின்னங்கால்களை ஆராய்ந்தார்.

பூனை வெளிக்குப் போகும் மண் தட்டையும் விட்டுவைக்கவில்லை. குனிந்து பார்த்து, கெட்டியாகத்தான் போகிறது என்று திருப்தியோடு நிமிர்ந்தார்.

தண்ணீர் அதிகம் குடிக்கிறதா, கிட்னிக்கு ரத்தம் பார்த்தாயிற்றா, கருத்தடை ஆயிற்றா, தடுப்பூசி அட்டை எங்கே என்று கேள்வி மேல் கேள்வி. கீழே படுத்து சைலன்ஸரைப் பார்க்காததுதான் பாக்கி.

அத்தனையையும் மேனேஜர் பொறுத்துக்கொண்டது. எட்டு வயதுச் சாம்பல் நிறக் கடுவன் அது. ஒரு வேலையும் செய்யாமல் அரைக்கண்ணால் எல்லோரையும் மேற்பார்வை பார்ப்பதால் காப்பகத்தில் அந்தப் பெயர்.

சோதனை முடிந்ததும் மேஜையிலிருந்து குதித்து மூலைக்குப் போனது. அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டது.

போச்சு, இவரைப் பிடிக்கவில்லை என்று நினைத்தாள்.

அவள் வேலைக்குச் சேர்ந்து ஐந்து வாரம் ஆகிறது. அதற்குள் ஆறு குடும்பங்கள் மேனேஜர்மேல் ஆசைப்பட்டன. ஆறும் ஒரே இடத்தில் ஜகா வாங்கின.

எல்லாம் கோப்பில் இருந்த ஒரு தாளால். பூனையைக் கொண்டுவந்து விட்டுப்போன பழைய சொந்தக்காரர் அதன் குறைகளை வரிசையாக எழுதியிருந்தார். மொத்தம் பதினொன்று. பூனையைக் கேட்டு வருகிறவர்களுக்கு அதை வாசித்துக் காட்டியாக வேண்டும் என்பது அங்கே விதி.

ஐந்து வாரமும் அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்துவிட்டாள். அதில் ஒன்றைக்கூட மேனேஜர் செய்யவில்லை.

கடைசியாக அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார். பழைய சொந்தக்காரர் ஏதாவது குறை சொல்லியிருக்கிறாரா?

ஏழாவது ஆளையும் ஓடவிடுவதில்லை என்று காலையிலேயே அவள் முடிவு செய்திருந்தாள்.

"ஒரு குறையும் இல்லை சார். தங்கமான பூனைன்னு எழுதியிருக்காங்க."

அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"நல்லா பாருங்கம்மா. ஒண்ணுமே எழுதலையா?"

கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். அப்படியானால் இதைக் கேட்டு நிறையப் பேர் வந்திருப்பார்களே, யாராவது பெயர் கொடுத்து வைத்திருக்கிறார்களா என்று படபடத்தார்.

அவளுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. பிடிபட்டுவிட்டோம் என்றே நினைத்தாள். காது சிவக்க அந்தத் தாளை எடுத்து, வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை மாதிரி வாசிக்கத் தொடங்கினாள்.

கடிக்கும், முன்கூட்டிச் சொல்லாது. விடிய விடிய ஊளையிடும். திரைச்சீலையில் ஏறும், இறங்கத் தெரியாது. விருந்தாளியின் செருப்பாகப் பார்த்து மூத்திரம் போகும்.

அவர் நாற்காலியில் மெல்லச் சாய்ந்து உட்கார்ந்தார்.

கறுப்புச் சட்டைக்காரர்களைப் பிடிக்காது. வெள்ளைச் சட்டையும் ஆகாது. குழந்தைகளைக் கண்டால் சீறும். டிவி ரிமோட்டைத் தூக்கிப்போய் ஒளித்துவைக்கும்.

ரிமோட் வந்தபோது அவர் முகத்தில் புன்னகையே வந்துவிட்டது. பாவம், அதிர்ச்சி என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்ததை அவள் இதுவரை யாருக்கும் வாசித்ததில்லை. வாசிக்கப் போனால் குரல் ஒரு மாதிரி ஆகிவிடும். வழக்கம்போல அதைத் தாண்டினாள். பத்தை ஒன்பதாக்கி, பதினொன்றைப் பத்தாக்கி முடித்தாள்: ஒன்பது, தூங்குகிறவர் முகத்தில் உட்காரும். பத்து, இவ்வளவும் குறைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

"பதினொண்ணும்மா," என்றார் அவர். "ஒன்பதாவதை விட்டுட்டீங்க."

தாள் அவளைப் பார்த்துத்தான் இருந்தது. அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து ஓர் எழுத்துகூடத் தெரியாது.

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"வீட்டுக்காரர் பூனை ஆகாதுன்னு ஒத்தைக்கால்ல நின்னுட்டார். வேற வீடு பிடிக்க ரெண்டு மாசம் ஆயிடுச்சு. அதுவரைக்கும் யாரும் தூக்கிட்டுப் போயிடக் கூடாதேன்னு..."

விட்டுப்போனவர் கையிலேயே பிராணியைத் திரும்பக் கொடுக்கக் கூடாது என்பதும் அங்கே ஒரு விதி. அது தெரிந்துதான் அவர் பல்லையெல்லாம் எண்ணியிருக்கிறார்.

அவள் புதுப் படிவம் ஒன்றை எடுத்தாள். இந்தப் பிராணியை முன்பே தெரியுமா என்று அதில் ஒரு கேள்வி இருந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டாள்.

பிறகு அந்த ஒன்பதாவதை, குரல் என்ன ஆனாலும் ஆகட்டும் என்று, வாசித்தாள்.

"சாயங்காலம் என் வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடி வந்து கதவை ஒட்டி உட்கார்ந்துகொள்ளும். அதை நகர்த்திவிட்டு வீட்டுக்குள் நுழைவதற்குள் தினமும் பெரும்பாடு."