கார்ப்பெட்டுக்கு அடியில் ஓர் அழகு

கார் டிக்கியில் கிடந்த ஆம்ப்ளிஃபயருக்கு எரிச்சல் தாங்கவில்லை. இன்ஜின் ஓடினாலே பாட்டோடு 'ஙொய்ய்' என்று ஓர் இரைச்சல். காரில் வருகிறவர்களின் திட்டெல்லாம் ஆம்ப்ளிஃபயருக்குத்தான்.

"ஏன்டா, எர்த் ஒயர்னு பேரு வெச்சுக்கிட்டா போதுமா? டிக்கியோட இரும்புத் தகட்டைப் பிடிச்சாத்தானே என் இரைச்சல் அடங்கும்?" என்று ஒயர்மேல் பாய்ந்தது.

"நான் என்னண்ணே பண்றது? நடுவுல பெயிண்ட் கரண்ட்டை மறிச்சுக்கிட்டு நிக்குதே!"

ஆம்ப்ளிஃபயர் தகட்டிடம் கெஞ்சியது. "அக்கா, நகத்தளவு பெயிண்ட்டைச் சுரண்டிக்க விடுங்களேன். கார்ப்பெட்டுக்கு அடியில யார் பார்க்கப் போறாங்க?"

"சுரண்டுறதா? என் அழகு என்னாகிறது?" என்று சிலுப்பிக்கொண்டது தகடு.

கார் கிளம்பியது. இரைச்சலும் கிளம்பியது.

"சனியனே!" என்று கத்தியது தகடு. "இந்த ஆம்ப்ளிஃபயரைக் கழற்றி எறிய இந்தக் கார்ல ஒரு ஆள் இல்லையா?"