சீசன் தாடி

"சீசன் முடியட்டும். அது வரைக்கும் கத்தி இந்த முகத்துல படாது" என்றார் வெள்ளைத்துரை.

அவர் மனைவி பங்கஜம் தோசைக் கரண்டியோடு கூடத்துக்கே வந்துவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாராங்க. இப்படிப் பரதேசி மாதிரி உக்காந்திருந்தா விளங்கினாப்லதான்!"

"நானா ஆசைப்பட்டு வளக்கேன்? நேந்துக்கிட்டது. சிந்தாதிரிப்பேட்டை டீம் கடைசி மேட்ச் ஆடி முடிக்கிற வரைக்கும் எடுக்கக் கூடாது. இந்த வருசம் சீசன் அனுமார் வாலு மாதிரி நீளும்னு யாரு கண்டா? மழையில நின்னது ஒண்ணு, அடிதடியில நின்னது ஒண்ணு, டிராவாகி மறுபடி ஆடுறது ஒண்ணு. ஆடுறவனுக்குக் காலு ஓஞ்சு போச்சு, கத்துறவனுக்குத் தொண்டை ஓஞ்சு போச்சு. என்னைக் கேட்டா, நாலு மாசத்துக்கு மேல ஃபுட்பாலே ஆடக் கூடாது!"

"ரொம்பத்தான் அக்கறை!"

தி.நகரில் ஜவுளிக்கடை. வியாபாரம் சூடு பிடிக்கிற சாயங்கால நேரத்தில் கல்லாவைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஸ்டேடியத்துக்குக் கிளம்பிவிடுகிற மனுஷன். உலகத்தில் அவனவன் வியாதி தீரணும், பிள்ளை பாஸாகணும் என்று வேண்டிக்கொள்வான். இவர் பந்துக்கு வேண்டிக்கொண்டிருக்கிறார்!

வீட்டில் இருபத்தேழு வயதுப் பெண். வந்து பார்த்தவர்களெல்லாம் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, நிறம் கம்மி, உயரம் ஜாஸ்தி என்று ஆளுக்கொரு குறை சொல்லிவிட்டுப் போனார்கள். இந்த இடமாவது அமையவேண்டுமே என்று பங்கஜம் தவித்துக்கொண்டிருந்தாள்.

"விடும்மா. அப்பாவுக்கு இருக்கிறது அந்த ஒரு பைத்தியம்தானே" என்று சிரித்தாள் சண்முகவடிவு.

தாடியால் வந்த வினை அதோடு நிற்கவில்லை. பட்டினப்பாக்கத்திலிருந்து மீன் கொண்டு வரும் முனியம்மாள், கூடையை இறக்கியதும் பங்கஜத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாம்மா, எங்கைல ஒரு வார்த்தை சொல்லலியே? முழுகாம கீறியா?"

"யாரு, நானா!"

"அய்யா தாடி வுட்டுக்கினு கீறாரே! பொஞ்சாதி மாசமா இருந்தாத்தானே ஆம்பளை தாடி வுடுவான்? இதுல இன்னா வெக்கம்? புள்ள பொறந்ததும் சொல்லி அனுப்பு. பால் சுறா எடுத்தாறேன்."

பங்கஜம் அன்றைக்கு மீனே வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மந்தைவெளியிலிருந்து பல்லவன் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள் இசக்கிமுத்துவும், அவர் மனைவி முத்துலட்சுமியும், பையனும். அவர்களுக்கும் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம்தான்.

முத்துலட்சுமி முதலில் வெள்ளைத்துரையின் தாடியைப் பார்த்தாள். அப்புறம் பங்கஜத்தின் வயிற்றைப் பார்த்தாள். முந்தானையை இழுத்து மூடினாலும் சந்தேகம், மூடாவிட்டாலும் சந்தேகம். பங்கஜம் என்னதான் செய்வாள்?

"தப்பா நெனைக்காதீங்க மதினி" என்று இழுத்தாள் முத்துலட்சுமி. "நாளைக்குத் தாய்க்கும் மகளுக்கும் ஒண்ணா வளைகாப்புன்னா, எங்க சொந்தக்காரங்க வாயை மூட முடியாதுல்லா?"

"ஐயோ, அதெல்லாம் ஒரு எழவும் இல்ல! இது ஃபுட்பால் தாடி. சீசன் முடிஞ்சாத்தான் எடுப்பாராம்."

இசக்கிமுத்து கையிலிருந்த பஜ்ஜியைக் கீழே வைத்தார்.

"ஃபுட்பாலா? லீக் முடிஞ்சு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சே அண்ணாச்சி! கடைசி மேட்ச்சுக்கு நானே கேலரியில இருந்தேனே."

பங்கஜம் சட்டென்று புருஷன் பக்கம் திரும்பினாள். நேற்றுக்கூட மேட்ச் என்றுதானே கிளம்பிப் போனார்! அப்படியென்றால் இத்தனை நாளும் எங்கே?

"அப்போ தாடி எதுக்காம்?" என்றாள் முத்துலட்சுமி. வரும்போது குரலில் இருந்த தேன் இப்போது இல்லை.

வெள்ளைத்துரை காபித் தட்டோடு நின்ற மகளை ஒரு தடவை பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

"இல்ல... ஒரு மேட்ச் பாக்கி இருக்கு."

பச்சைப் பொய். இசக்கிமுத்து அவரையே உற்றுப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"அட, ஆமா! ஒண்ணு பாக்கிதான். மூணு பொண்ணைக் கட்டிக்குடுத்தவன்லா, எனக்கு ஞாபகம் எங்க நிக்கி?" என்றவர், வாய் திறக்கப்போன மனைவியைக் கையமர்த்தினார். "நீ சும்மா இரு முத்து. தாடியைப் பாக்கவா வந்தோம்? பையனைக் கேளு."

பையன் எப்போதோ தலையாட்டியாகிவிட்டது.

முத்துலட்சுமியே பெண்ணின் தலையில் பூ வைத்தாள். வைக்கும்போதும் அவளுக்கு ஒரு கண் பங்கஜத்தின் வயிற்றில்தான்.

அவர்கள் தெருமுனை திரும்பியதுதான் தாமதம். பங்கஜம் வாசல் கதவைச் சாத்தினாள்.

"ஒரு மாசமா சாயங்காலம் எங்கே போனீங்க? மறைக்காமச் சொல்லிருங்க."

"வடபழனி கோயிலுக்கு. நாளைக்குப் போய் மொட்டையே போட்டுட்டு வந்துருதேன்."

"ஏன், உங்க டீமுக்கு முருகனா வந்து கோல் போடுதான்?"

வெள்ளைத்துரை உள்ளே எட்டிப் பார்த்தார். மகள் அடுக்களையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"டீமுக்கு யாருட்டி நேந்துக்கிட்டா? வடிவுக்கு ஒரு இடம் அமையுற வரைக்கும் சவரம் செய்ய மாட்டேன்னு வேண்டிக்கிட்டேன். அதை வெளிய சொன்னா, என் மூஞ்சியைப் பாக்கும்போதெல்லாம் எல்லாம் தன்னாலதானேன்னு அந்தப் புள்ளை குமைஞ்சு போயிரும்லா? அதான் பழியைத் தூக்கி ஃபுட்பால் மேல போட்டேன்."